எம்ஜிபிக்குள் வி8: பெரிய இன்ஜின் எங்கே பொருந்தியது, எங்கே கவிழ்த்தது

1962இல் பிரிட்டனின் எம்ஜி நிறுவனத்திலிருந்து எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தபோது அதன் இன்ஜினைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. 1798 சிசி, நான்கு சிலிண்டர், 95 குதிரைத்திறன். மேற்கூரையை மடக்கிவிட்டு இங்கிலாந்தின் வளைந்து நெளிந்த கிராமத்துச் சாலைகளில் போய்வர அது தாராளம். சிக்கல் என்னவென்றால், அந்த கார் 1980 வரை, அதாவது 18 ஆண்டுகள், அதே இன்ஜினோடு விற்பனையில் இருந்தது. 5 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள். அதற்குள் காலம் மாறிவிட்டது. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக கார்புரேட்டர் இரண்டிலிருந்து ஒன்றானது. அங்கே போன கார்களின் சக்தி 1970களின் நடுவில் 65 குதிரைத்திறன் அளவுக்கு இறங்கியது. பெயர் ஸ்போர்ட்ஸ் கார், ஆனால் சாலையில் சாதாரணக் குடும்பக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போகும்.

‘இதில் ஒரு பெரிய இன்ஜினை வைத்தால் என்ன?’ என்ற யோசனை எல்லோருக்கும் வந்தது. வீட்டு ஷெட்டில் ஸ்பேனர் பிடிப்பவர்களுக்கு வந்தது. ஆபிங்டன் ஊரில் இருந்த எம்ஜி தொழிற்சாலைக்கும் வந்தது. தொழிற்சாலை இரண்டு முறை செய்து பார்த்தது. முதல் முறை 2.9 லிட்டர், அடுத்த முறை 3.5 லிட்டர். சின்னதாக இருந்த 2.9 காரைக் கெடுத்தது. அதைவிடப் பெரிய 3.5 கச்சிதமாக உட்கார்ந்தது. இந்த முரண்பாடு புரிந்துவிட்டால், பழைய பிரிட்டிஷ் காரில் இன்ஜின் மாற்றும் கலையில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் கவிழ்ந்த கதை. ஆஸ்டின்-ஹீலி 3000 என்ற காரின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அதன் இடத்துக்கு ஒரு கார் வேண்டும். புதிதாக ஒன்றை வடிவமைக்கப் பணமில்லை. கையில் எம்ஜிபியின் கூடு இருக்கிறது. ஆஸ்டின் 3 லிட்டர் என்ற பெரிய செடானுக்காகச் செய்த ஆறு சிலிண்டர் இன்ஜினும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் எம்ஜிசி. 1967இல் வந்தது, 2912 சிசி, 145 குதிரைத்திறன்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல கணக்குதான். ஆனால் அந்த இன்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பதால் நீளம் வேறு. எம்ஜிபியின் நான்கு சிலிண்டர் இன்ஜினைவிடச் சுமார் 95 கிலோ அதிகம். நல்ல வாட்டசாட்டமான ஆள் ஒருவரை பானெட்டுக்குள், அதுவும் முன்சக்கரங்களுக்கு மேலேயே, உட்கார வைத்தது போல. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் இடித்ததால் எம்ஜிபியின் முன்புற சஸ்பென்ஷனையே தூக்கிப் போட்டுவிட்டு டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியை வைத்தார்கள். ரேடியேட்டர் இடித்ததால் பானெட்டைப் புடைக்க வைத்தார்கள். அதுவும் போதாமல், கார்புரேட்டருக்காக அந்தப் புடைப்பின் மேல் கண்ணீர்த்துளி வடிவத்தில் இன்னொரு குட்டிப் புடைப்பு. ஸ்டீயரிங் கனக்கும் என்று, முன்பைவிட அதிகச் சுற்று சுற்றும்படி விகிதத்தை மாற்றினார்கள்.

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. எம்ஜிபியின் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தது. எம்ஜிசியில் சுமார் 56 சதவீதம் முன்சக்கரங்களின் மேல் போய்விட்டது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் காரின் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். பத்திரிகையாளர்கள் ஓட்டிப் பார்த்துக் கிழி கிழி என்று கிழித்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த கார்களில் டயர் காற்றழுத்தம் சரியாக இல்லை என்று எம்ஜி ஆர்வலர்கள் இன்றுவரை சமாதானம் சொல்வதுண்டு. இருக்கலாம். நேரான நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்ட எம்ஜிசி உண்மையிலேயே நல்ல கார். ஆனால் எம்ஜி வாங்குகிறவர் நேரான சாலைக்காக வாங்குவதில்லை. 1969இலேயே நிறுத்திவிட்டார்கள். மொத்தம் சுமார் 9,000 கார்கள்.

இனி, பொருந்திய இன்ஜின். அது பிரிட்டிஷ் சரக்கே இல்லை. 1961இல் அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் 215 கன அங்குலத்தில், அதாவது 3.5 லிட்டரில், ஒரு வி8 செய்தது. பிளாக், ஹெட் எல்லாமே அலுமினியம். மொத்த எடை 145 கிலோவுக்குள். எட்டு சிலிண்டர் என்றாலும் நான்கு நான்காக இரண்டு சாய்ந்த வரிசை என்பதால் நீளமும் குறைவு. ஆனால் அலுமினியத்தை அந்தக் காலத்தில் பெரிய அளவில் வார்ப்பது செலவு பிடித்த வேலை. வார்ப்பில் கழிவும் அதிகம். பழக்கமில்லாத வாடிக்கையாளர்கள் சரியான கூலன்ட் ஊற்றாமல் விட, உள்ளே அரித்து ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது. 1963 மாடலோடு ப்யூக் அதைக் கைவிட்டு, மலிவான வார்ப்பிரும்பு இன்ஜினுக்குப் போய்விட்டது.

ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட் அப்போது அமெரிக்கா போயிருந்தார். விஸ்கான்சினில் படகு இன்ஜின் செய்யும் மெர்குரி மரீன் பட்டறைக்கு வேறொரு வியாபாரமாகப் போனவர், அங்கே தரையில் கிடந்த இந்த வி8ஐப் பார்த்தார். கனமான பழைய இன்ஜின்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ரோவருக்கு இது தேடிப்போன மூலிகை காலில் சிக்கிய மாதிரி. 1965இல் உரிமத்தை வாங்கினார்கள். ப்யூக்கில் அந்த இன்ஜினை வடிவமைத்து ஓய்வு பெறும் வயதில் இருந்த ஜோ டர்லே என்ற பொறியாளரையும் இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டார்கள். 1967இல் ரோவரின் பெரிய செடானில் அது ஏறியது. அப்புறம் ரோவர் 3500, மார்கன் பிளஸ் 8, 1970இல் ரேஞ்ச் ரோவர். அமெரிக்கா தூக்கிப் போட்ட இன்ஜின் இங்கிலாந்தில் 2000களின் தொடக்கம் வரை ஓடியது. ஒரு சின்னத் தகவல்: இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓல்ட்ஸ்மொபைல் பிளாக்கை வைத்து ஆஸ்திரேலியாவின் ரெப்கோ செய்த பந்தய இன்ஜினில்தான் ஜாக் பிரபாம் 1966இல் ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனார்.

சரி, எம்ஜிபிக்கு வருவோம். அந்த வி8ஐ எம்ஜிபிக்குள் முதலில் நல்லபடியாக உட்கார வைத்துப் பெயர் வாங்கியது எம்ஜி இல்லை. கென்ட் பகுதியைச் சேர்ந்த கென் காஸ்டெல்லோ. மினி கார்களை வைத்துப் பந்தயம் ஓட்டியவர். 1970 வாக்கில் தொடங்கி, ரோவர் வி8 ஏற்றிய எம்ஜிபிகளைச் செய்து விற்றார். கார்புரேட்டர்கள் உயரத்தில் நின்றதால் பானெட்டில் ஒரு புடைப்பு. பின்னால் ஒரு வி8 சின்னம். வெளியே வேறு பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை. கார் பத்திரிகைகள் புகழ்ந்தன. பிரிட்டிஷ் லேலண்ட் அவருடைய காரை வரவழைத்துப் பார்த்தது. பார்த்துவிட்டு, ‘நாமே செய்யலாமே’ என்று ஆபிங்டனுக்கு உத்தரவு போட்டது. எம்ஜியும் ரோவரும் அப்போது ஒரே லேலண்டின் கீழ் இருந்தன. இன்ஜின் சொந்த வீட்டுச் சரக்கு. வெளியாள் ஒருவர் செய்து காட்டும்வரை அது அவர்கள் கண்ணில் படவில்லை என்பதுதான் வேடிக்கை.

1973 ஆகஸ்டில் எம்ஜிபி ஜிடி வி8 வந்தது. நிலையான கூரை உள்ள ஜிடி மட்டும்தான். திறந்த காரில் தொழிற்சாலை இதைச் செய்யவில்லை. 3528 சிசி, ரேஞ்ச் ரோவரில் இருந்த குறைந்த அழுத்த விகிதம், 137 குதிரைத்திறன். எம்ஜிசியின் 145ஐவிடக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் டார்க் என்று சொல்லும் இழுவிசையில் 260 நியூட்டன் மீட்டரைத் தொட்டது; நான்கு சிலிண்டர் எம்ஜிபியிடம் இருந்தது சுமார் 150தான். அதுவும் 3000 ஆர்பிஎம்முக்குள்ளேயே முழுசாகக் கிடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எட்டு சிலிண்டர் கொண்ட இந்த இன்ஜின், வார்ப்பிரும்பாலான அந்த நான்கு சிலிண்டரைவிட ஏறக்குறைய 18 கிலோ லேசு என்பது எம்ஜி வட்டாரத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கூடவே போகும் கனமான கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்தாலும் முன்பாரம் பெரிதாகக் கூடவில்லை. முன் சஸ்பென்ஷனின் அமைப்பு மாறவில்லை. மணிக்கு 200 கி.மீ. வேகம் போனது, வளைவில் எம்ஜிபி மாதிரியே திரும்பியது.

லேசு என்பதாலேயே தூக்கி வைத்தால் உட்கார்ந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. நீளம் பிரச்சினை இல்லை, அகலம்தான் பிரச்சினை. வி வடிவ இன்ஜினின் இரண்டு பக்கமும் புகைபோகும் மேனிஃபோல்டு வெளியே நீண்டு நிற்கும். அதற்கு இடம் விட பானெட்டுக்குள் இருக்கும் பக்கச் சுவர்களின் வடிவத்தை மாற்ற வேண்டியிருந்தது. ஓட்டுநர் பக்கத்தில் ஸ்டீயரிங் தண்டு அதே வழியாகத்தான் இறங்குகிறது. ஆயில் ஃபில்டர் வழக்கமான இடத்தில் நின்றால் இடிக்கும்; அதைத் தனியே ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்க் குழாயால் இணைத்தார்கள். இன்ஜினின் முகத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே வழக்கமான விசிறி சுற்ற இடம் கிடையாது. ரேடியேட்டரை முன்னே தள்ளி, அதற்கும் முன்னே இரண்டு மின்விசிறிகளை வைத்தார்கள். பானெட்டில் புடைப்பு வரக் கூடாது என்பதற்காக, இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் ஒரு துணைக்குழாயின் உதவியால் பின்னுக்குத் தள்ளி, இன்ஜின் அறையையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டித் தாழ்வாக உட்கார வைத்தார்கள். காஸ்டெல்லோ செய்யாததை எம்ஜி செய்தது இங்கேதான். வெளியே பார்த்தால் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது.

இழுவை கூடியதும் அடுத்த சங்கிலி ஆரம்பித்தது. எம்ஜிபியின் பின் அச்சில் பல்சக்கர விகிதம் 3.9. அதை அப்படியே விட்டால் வி8 வீணாகச் சுற்றிக் கத்தும். எம்ஜிசியில் இருந்த 3.07 விகிதத்தைக் கொண்டுவந்தார்கள்; ஓவர்டிரைவ் என்ற கூடுதல் உயர் கியரைப் போட்டால் 3000 ஆர்பிஎம்மிலேயே 135 கி.மீ.யைத் தாண்டும். கியர்பாக்ஸும் எம்ஜிசியிலிருந்து வந்ததுதான், விகிதங்களை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். தோற்றுப்போன கார் தன் உறுப்புகளையெல்லாம் தானம் செய்துவிட்டுப் போயிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெட்டிக்கு இந்த இழுவை தாங்கவில்லை. மூன்றாவது கியரில் ஓவர்டிரைவ் போட்டு மிதித்தவர்களுக்குப் பல் உடைந்து கையில் வர, சீக்கிரமே நான்காவது கியரில் மட்டும் ஓவர்டிரைவ் விழும்படி மாற்றிவிட்டார்கள்.

விற்பனை? 1976இல் நிறுத்தியபோது மொத்தம் 2,591. கார் மீது தப்பில்லை. அறிமுகமாகி இரண்டே மாதத்தில், 1973 அக்டோபரில், எண்ணெய் நெருக்கடி வந்து வி8 என்ற எழுத்தைப் பார்த்தாலே மக்கள் பயந்தார்கள். அமெரிக்காதான் எம்ஜியின் பெரிய சந்தை. அங்கே இதை விற்கவே இல்லை. விலை 2,294 பவுண்டு. மூன்று லிட்டர் ஃபோர்டு காப்ரி அதைவிட மலிவாகக் கிடைத்தது. அப்புறம், அந்த இன்ஜினுக்கு ரேஞ்ச் ரோவரிலும் ரோவர் 3500இலும் வரிசையாக ஆள் காத்திருந்தார்கள். லாபம் அதிகம் வரும் காருக்கு இன்ஜினைக் கொடுப்பார்களா, எம்ஜிக்குக் கொடுப்பார்களா?

இதே வேலையைப் பத்தாண்டு முன்பே இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனம் செய்திருந்தது. ரூட்ஸ் குழுமத்தின் சன்பீம் அல்பைன் பார்க்க அழகு, ஓட்டத்தில் சாது. கலிஃபோர்னியாவில் அதன் விற்பனையைப் பார்த்துக்கொண்ட இயன் காரட்டுக்கு அது பொறுக்கவில்லை. ஏசி ஏஸ் என்ற பிரிட்டிஷ் காரில் ஃபோர்டு வி8 ஏற்றி கேரல் ஷெல்பி கோப்ராவைச் செய்திருந்தது அவர் கண் முன்னால் நடந்தது. காரட் தன் சர்வீஸ் மேலாளரை ஓர் அடிக்கோலோடு கார் ஷோரூம்களுக்கு அனுப்பினார். அல்பைனின் பானெட்டுக்குள் இத்தனை அங்குலம் இடம். எந்த இன்ஜின் அதற்குள் அடங்கும் என்று அளந்து பார்த்து வரச் சொன்னார். ஃபோர்டின் 260 கன அங்குல வி8 மட்டும் அடங்கியது. பந்தய ஓட்டுநர் கென் மைல்ஸ் அவசர அவசரமாக ஒரு காரைச் செய்து காட்டினார். ஷெல்பி முறையாக இன்னொன்றைச் செய்தார். 1964இல் நியூயார்க் கண்காட்சியில் சன்பீம் டைகர் என்ற பெயரில் வெளிவந்தது.

அளந்து பார்த்து வைத்தார்கள் என்றாலும் நெருக்கடி நெருக்கடிதான். டைகர்களின் பாகங்களை ஜென்சன் நிறுவனம் வெஸ்ட் பிராம்விச்சில் ஒன்றுசேர்த்துக் காராக்கியது. பெயின்ட் அடித்துப் பளபளவென்று வந்த கூட்டின் உள்சுவரைத் தொழிலாளி ஒருவர் சம்மட்டியால் அடித்து நெளித்தால்தான் இன்ஜின் இறங்கும் என்பது அந்த காரைப் பற்றித் தவறாமல் சொல்லப்படும் கதை. எனக்குப் பிடித்தது வேறு. டைகரின் எட்டு ஸ்பார்க் பிளக்குகளில் கடைசி ஒன்றை பானெட்டைத் திறந்துகொண்டு கழற்ற முடியாது. ஃபயர்வாலில் ஒரு ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்திருக்கிறார்கள்; காருக்குள் காலடியில் குனிந்து, மூடியைப் பிடுங்கிவிட்டு, அங்கிருந்து கைவிட்டுக் கழற்ற வேண்டும். தொழிற்சாலையே செய்த கார் இது!

டைகர் முடிந்த விதமும் அங்குலக் கணக்கில்தான். ரூட்ஸைக் கிரைஸ்லர் வாங்கியது. தன் காரில் போட்டியாளர் ஃபோர்டின் இன்ஜின் இருப்பது கிரைஸ்லருக்கு எப்படி இருக்கும்? தன்னுடைய சின்ன வி8ஐ வைத்துப் பார்த்தது. ஃபோர்டு இன்ஜினில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம். கிரைஸ்லருடையதில் பின்பக்கம், சரியாக ஃபயர்வாலில் போய் முட்டும். 1967இல், சுமார் 7,000 கார்களோடு டைகரை மூடிவிட்டார்கள்.

இன்று எம்ஜிபியில் வி8 ஏற்றுகிறவர்களுக்கு வேலை எவ்வளவோ எளிது. காரணம் விநோதமானது. 1974 இறுதியில் அமெரிக்க விதிகளுக்காக எம்ஜிபியில் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, காரை ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். பழைய குரோம் பம்பரை விரும்புகிறவர்கள் இந்த மாடலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வி8க்காகச் செய்த உள் மாற்றங்களை அந்தக் காலத்துச் சாதாரண எம்ஜிபியின் கூட்டுக்கும் பொதுவாக்கியிருந்தார்கள். பின்னால் ரேடியேட்டரும் முன்னே போனது. ஆக, யாருக்கும் வேண்டாத கறுப்பு பம்பர் கார்தான் வி8 ஏற்றுகிறவர் முதலில் தேடும் கார். அழகான 1960களின் குரோம் காரை வெட்டிப் பாழாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்ஜினுக்கு இப்போதும் அதே ரோவர் குடும்பத்துக்குத்தான் போகிறார்கள். பழைய ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரியிலிருந்து இறக்கிய 3.9 அல்லது 4.6, கூடவே ஐந்து கியர் பெட்டி. 1992இல் அதே 3.9 வி8ஐ எம்ஜிபி கூட்டில் வைத்து ரோவரே ஆர்வி8 என்று ஒரு காரை வெளியிட்டது. 190 குதிரைத்திறன், 2,000க்குச் சற்றுக் குறைவாகவே செய்தார்கள், அதில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது. அந்த காரில் மேனிஃபோல்டு குழாய்கள் பானெட்டின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கமாக இறங்கும். ஸ்டீயரிங் தண்டோடு சண்டை இல்லை. இன்ஜின் அறையில் சூடும் குறைவு. வீட்டில் செய்கிறவர்கள் இப்போது பெரும்பாலும் இந்த வழியைத்தான் பிடிக்கிறார்கள்.

முதல் முறை செய்கிறவர்கள் ஏமாறும் இடம் பின்பக்கம். எம்ஜிபியின் பின் அச்சைத் தாங்குவது லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் மட்டும்தான். அச்சை முறுக்காமல் பிடித்துவைக்கத் தனியாக ஒரு கம்பி கிடையாது. 95 குதிரைத்திறனுக்கு அது போதும். வி8 ஏற்றிவிட்டு, சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளட்சைப் படாரென்று விட்டால், சக்கரம் முன்னே உருள்வதற்குப் பதில் அச்சு தன்னைத்தானே பின்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். பட்டை எஸ் வடிவில் வளையும், விடும், திரும்ப வளையும். பின்சக்கரம் தரையில் தட தடவென்று குதிக்கும் சத்தம் காருக்குள் நன்றாகவே கேட்கும். அச்சிலிருந்து கூட்டுக்கு ஒரு கம்பியை நீளவாக்கில் கொடுத்து இதை அடக்குவார்கள். இன்ஜினுக்கு மட்டும் பணம் ஒதுக்கி வைத்தவர், இங்கே வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அடுத்துப் பிரேக்குக்கும் கூலிங்குக்கும் இதே பாடு இருக்கிறது.

பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம் நெடுங்காலம் பின்பற்றிய ஒரு கணக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மாற்றியமைத்த கார் தன் பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளி தேவை. மாற்றாத கூட்டுக்கு 5. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பாக்ஸ் தொகுதி, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எல்லோரும் உயிரை விடும் இன்ஜினுக்கு 1.

நம் ஊரில் இதே வி8 வேறொரு கதையில் வருகிறது, தலைகீழாக. 1976இல் ரோவர் எஸ்டி1 என்ற கார் இந்த 3.5 லிட்டர் வி8ஐ மனதில் வைத்துப் பிறந்தது. 1985இல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் அதே காரை ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்தது. வெளித்தோற்றம் அசல் ரோவர். உள்ளே வைத்தது பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டின் வழியில் வந்த 1991 சிசி நான்கு சிலிண்டர். சுமார் 83 குதிரைத்திறன். பணக்காரர்களுக்கான விலை, டாக்சி மாதிரி ஓட்டம், பெட்ரோலும் குடிக்கும். மூன்று ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. அதில் மிஞ்சிய ஒன்று எங்காவது ஒரு ஷெட்டில் தார்பாய் போர்த்திக் கிடந்தால், ரோவர் வி8ஐ அதற்குள் இறக்க யாரும் சம்மட்டி தூக்க வேண்டியதில்லை. அந்த இன்ஜினுக்கான இடம் அதன் பானெட்டுக்குள் பிறப்பிலிருந்தே காலியாகத்தான் இருக்கிறது.